மன்னித்தவனின் அக்கா

மார்ச் 4

கோப்பை வென்ற மாவீரர் அவர்களுக்கு,

உன் போனுக்கு அடித்து அடித்து விரல் தேய்ந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் உன் மேனேஜர்தான் எடுக்கிறான். "சார் ஓய்வுல இருக்காரு மேடம், நீங்க யாரு பேசறீங்க?" என்கிறான். "அவனுக்கு மூக்குச் சிந்திவிட்டவ பேசறேன்" என்றேன். "எந்த நிறுவனத்துலேர்ந்து?" என்று கேட்டான். அதனால்தான் கடிதம். இதையும் அவனே பிரித்துப் படித்தால், தம்பி மேனேஜரே, உனக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன், படி.

வாழ்த்துச் சொல்ல இதை எழுதவில்லை. வாழ்த்த ஊரே இருக்கிறது.

எங்கள் டிப்போ மேற்பார்வையாளரைப் பற்றி உனக்கு முன்பே சொல்லியிருக்கிறேன். காலையில் கன்ட்ரோல் ரூமிலிருந்து வயர்லெஸ்ஸில் எல்லா டிரைவர்களையும் வண்டி எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவான். என்னை மட்டும் "கரிக்கட்டை, கிளம்பியாச்சா?" என்பான். அது எல்லா பஸ்ஸிலும் கேட்கும். டிரைவர்கள் சிரிப்பது எனக்குக் கேட்கும். முன் சீட்டில் உட்கார்ந்திருக்கும் பயணிகளுக்கும் கேட்கும். போன மாதம் சுரங்கப் பாதைக்குள் போய்க்கொண்டிருந்தபோது, "விளக்கைப் போட்டுக்கோ கரிக்கட்டை, இல்லன்னா ஸ்டியரிங் தானா சுத்துதுன்னு ஜனங்க பயந்துருவாங்க" என்றான். அன்றைக்கு நானும் இன்னொரு டிரைவர் மீசைக்காரரும் புகார் எழுதிக் கொடுத்தோம். டிப்போவில் நம் நிறத்தில் என்னைத் தவிர அவர் ஒருவர்தான். அவருக்கு வைத்த பட்டப்பெயரை எழுதவே கை கூசுகிறது.

இன்றைக்கு டிப்போ மேலாளர் கூப்பிட்டார். அவர் சுவரில் உன் படம். இறுதிப் போட்டியில் ஒரு பாதி முழுக்க உன் கோலுக்குப் பின்னால் நின்று அம்மாவைப் பற்றிக் குரைத்தானே ஒருவன், அவனை நீ கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும் படம்.

"இவரு உங்க தம்பியாமே! சொல்லவே இல்லையேம்மா? எவ்வளவு பெரிய மனசு பாருங்க. தாயைப் பத்திப் பேசினவனையே மன்னிச்சுட்டாரு. நீங்க என்னடான்னா ஒரு பட்டப்பேருக்குப் போய்ப் புகார் எழுதிட்டு நிக்கறீங்க. ஒரே வயித்துல பொறந்தவங்கதானே?"

நான் மேசை மேலிருந்த தண்ணீரை எடுத்துக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அது அவருடைய தண்ணீர்.

வீட்டுக்கு வந்தால் இங்கேயும் அதே படம். அம்மா பத்திரிகையிலிருந்து வெட்டி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள். அதில் உன் முகம் அவன் தோளில் புதைந்திருக்கிறது. தெரிவது அவன் முகம்தான். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அவனைப் பார்க்கிறேன்.

அவனை மன்னிக்கும் முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? அவன் திட்டியது எனக்கும் அம்மாதானே?

அக்கா


மார்ச் 13

அக்காவுக்கு,

கடிதத்தை நானேதான் பிரித்தேன். பயிற்சி முகாமில் போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், மேனேஜரிடம்தான் இருக்கும். ஊர் பேர் தெரியாதவர்கள் எல்லாம் வாழ்த்தினார்கள். சொந்த அக்கா முதல் வரியிலேயே குத்துகிறாள். இருக்கட்டும்.

அம்மாவிடம் கேட்டேன். "உன் மனசு லேசாகும்னா செய்யிடா" என்றாள். உன்னிடம் கேட்கவில்லை. நீ என்ன சொல்வாய் என்று தெரியும்.

கோல்கீப்பராக நிற்பது என்றால் என்னவென்று உனக்குத் தெரியாது அக்கா. மற்றவர்கள் நடுவில் ஓடுகிறார்கள். அவர்களுக்கு அது வெறும் இரைச்சல். எனக்கு முதுகுக்குப் பின்னால் ஒரு வலை, வலைக்குப் பின்னால் மனிதர்கள். ஒவ்வொரு குரலும் தனியாகக் கேட்கும். இருமுகிறவன் யார், கடிக்கிற கடலையின் சத்தம் எது என்றுகூடத் தெரியும். ஒரு முறை என் பெயரோடு சேர்த்து ஒருவன் ஒரு வார்த்தை கத்தினான். பக்கத்தில் ஒரு குழந்தை, "அப்பா, அப்படின்னா என்ன?" என்று கேட்டது. அவன் நிதானமாக விளக்கிச் சொன்னான். நான் கார்னர் பந்துக்காகக் காத்து நின்றபடி அந்தப் பாடத்தை முழுசாகக் கேட்டேன்.

அரையிறுதியில் ஒரு குரலுக்குத் தலையைத் திருப்பினேன். பந்து என் கைக்கு அடியில் போய்விட்டது. அன்று அறைக்கு வந்து சுவரில் குத்தினதில் விரல் வீங்கியது. பயிற்சியில் பட்ட அடி என்று பொய் சொன்னேன். ஜெபிக்க முட்டி போட்டால் வாயில் வசவுதான் வந்தது. போதகரிடம் போனேன். "அதையே கடவுள்கிட்ட சொல்லு, அவரு கேட்காத வசவா?" என்றார். சொன்னேன். வாரக்கணக்கில் கடவுளிடம் கெட்ட வார்த்தை பேசினேன். இறுதிப் போட்டி முடிந்த பிறகு ஒரு நாள் காலையில் எழுந்தபோது நெஞ்சில் அந்தப் பாரம் இல்லை. அதை நான் நடிக்கவில்லை.

படத்தில் இருக்கிற அந்த ஆள் குளிர்பதனக் கிடங்கில் பெட்டி ஏற்றுகிறவன். கையெல்லாம் வெடித்து ரத்தம் கட்டியிருந்தது. தலையை நிமிர்த்தவே இல்லை. என் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல்தான் அவனைக் கட்டிக்கொண்டேன். ஆமாம், கேமரா இருந்தது. கிளப் ஏற்பாடுதான். அதற்காக அது பொய்யாகிவிடுமா?

உன் டிப்போ விஷயத்தை மேனேஜரிடம் சொல்லியிருக்கிறேன், பேசி முடிப்பான். நீ கொஞ்சம் கோபத்தை இறக்கி வை அக்கா. அது உன்னைத் தின்கிறது.

தம்பி


மார்ச் 22

மகாத்மாவுக்கு,

பேசி முடித்துவிட்டான் உன் மேனேஜர். நன்றாக முடித்தான்.

நேற்று மேலாளர் அறையில் உன் படத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி கையுறை மாட்டியிருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள். மேலே உன் கையெழுத்து, கீழே "அன்புடன்". மேலாளர் பெட்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தம்பியே சமாதானமாப் போகணும்னு சொல்லிட்டாரு. புகாரை முடிச்சுட்டேம்மா." மேற்பார்வையாளருக்கு ஆட்டம் பார்க்க இரண்டு டிக்கெட்டாம். யார் காசு, யார் கருணை? இன்று காலை வயர்லெஸ்ஸில் எனக்குப் பதவி உயர்வு வந்துவிட்டது: "சாம்பியன் கரிக்கட்டை, கிளம்பியாச்சா?"

மீசைக்காரரை ஊருக்கு வெளியே இருக்கிற டிப்போவுக்கு மாற்றிவிட்டார்கள். அவருக்குச் சாம்பியன் தம்பி இல்லை.  அலமாரியைத் திறந்து செருப்பையும் சாப்பாட்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டு போனார். திட்டிவிட்டுப் போயிருந்தால் தேவலை.

கோபத்தை இறக்கி வைக்கச் சொல்கிறாய். எங்கே வைக்க? உனக்கு இறக்கி வைக்க ஆயிரம் பேர் வந்து தாங்கிப் பிடிக்கிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள். நான் இறக்கி வைத்தால் அதன் மேல் ஏறி மிதித்துக்கொண்டு போவார்கள்.

பள்ளிக்கூடத்தில் நாலு பேர் உன்னைப் பிடித்து முகத்தில் சுண்ணக்கட்டித் தூள் பூசினார்கள், ஞாபகம் இருக்கிறதா? அதில் ஒருத்தன் மூக்கை உடைத்தது யார்? என்னைப் பள்ளியை விட்டு அனுப்பினார்கள். நீ அதே பள்ளிக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தாய். அதற்காக நான் உன் மேல் ஒரு நாளும் பொறாமைப்பட்டதில்லை. பெருமைதான். ஆனால் அன்றைக்கு நான் மன்னித்துக்கொண்டு நின்றிருந்தால் உன் கண்ணில் இன்னும் தூள் இருந்திருக்கும்.

நானும் ஜெபிக்கிறவள்தான். கடவுள் உனக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுக்கவில்லை. உனக்கு நடந்ததை நீ மன்னித்துக்கொள். எனக்கு நடந்ததை மன்னிக்க உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

மேலிடத்துக்கு எழுதிவிட்டேன். ஏப்ரல் கடைசியில் விசாரணை. மீசைக்காரருக்கும் சேர்த்து எழுதியிருக்கிறேன். நீ ஒன்றும் செய்யாதே. தயவுசெய்து, ஒன்றுமே செய்யாதே.

அக்கா


மார்ச் 30

அக்காவுக்கு,

அந்தக் கையுறையில் இருப்பது என் கையெழுத்தே இல்லை. அலுவலகத்தில் ஒரு பெண் உட்கார்ந்து என் பெயரைப் போட்டுத் தள்ளுகிறாள். இது எனக்கே இன்றுதான் தெரியும். மேனேஜரைச் சட்டையைப் பிடித்துக் கேட்டேன். "இதெல்லாம் உங்க நல்லதுக்குத்தான் சார்" என்கிறான்.

அதற்காக நீ எழுதியதெல்லாம் சரி என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். மகாத்மா என்கிறாய். கேலி செய்ய உனக்கு உரிமை இருக்கிறது, என் ஜெபத்தை விலைபேசியதாகச் சொல்ல உரிமை இல்லை. அந்தக் காலை நேரத்தில் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியதே, அதை எனக்கு யாரும் கொடுக்கவில்லை, யாரும் விற்கவும் இல்லை. அதையும் பிடுங்கிக்கொண்டால் என்னிடம் மிச்சம் இருப்பது இரண்டு கைதான்.

எனக்கும் மூச்சு முட்டுகிறது அக்கா. கால்பந்து சம்மேளனம் என் படத்தைப் போட்டு "மன்னிப்போம், ஒன்றாவோம்" என்று ஊர் முழுக்க ஒட்டப் போகிறதாம். வேண்டாம் என்றேன். ஒப்பந்தத்தைக் காட்டினார்கள். என் முகத்தை என்ன செய்வதென்று முடிவு செய்யும் இடத்தில் நான் இல்லை.

தம்பி


ஏப்ரல் 8

டேய்,

எங்கே ஒட்டினார்கள் என்று தெரியுமா? பஸ்ஸில். முன் சக்கரத்திலிருந்து பின் கதவு வரைக்கும் நீயும் அவனும். "மன்னிப்போம், ஒன்றாவோம்." அந்த வண்டியை யாருக்குக் கொடுத்தார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சாவியை நீட்டும்போது மேற்பார்வையாளர் பல்லைக் காட்டினான். "குடும்ப வண்டி" என்றான்.

கண்ணாடியில் பார்த்து ஓரம் கட்டும்போதெல்லாம் உன் காது தெரிகிறது. உன்னைத் தூக்கிச் சுமந்த இடுப்புக்கு இந்தச் சுமையும் சேர்த்தி.

நேற்று கடைசி நிறுத்தத்தில் தேநீர் குடிக்கப் போய்த் திரும்பி வந்தால், உன் முதுகில் யாரோ கறுப்பு மையால் எழுதியிருந்தார்கள். அதே வார்த்தை. அவன் மேல் ஒரு புள்ளிகூட இல்லை, உன் மேல் மட்டும். நான் அப்படியே ஓட்டிக்கொண்டு போயிருக்கலாம். ஊர் பார்க்கட்டும், ஒன்றான லட்சணத்தை என்று விட்டிருக்கலாம். டிப்போவுக்கு வந்து வண்டி கழுவும் இடத்தில் நிறுத்தினேன். மண்ணெண்ணெய் வாங்கி, துணியில் நனைத்துத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க உன்னைத் திட்டினேன். எழுதினவனைத் திட்டினேன், ஒட்டினவனைத் திட்டினேன், மறுபடியும் உன்னைத் திட்டினேன். வண்டி கழுவுகிற பெண் பைத்தியம் என்று நினைத்துக் குழாயை மூடிவிட்டுப் போய்விட்டாள்.

மை போய்விட்டது. கூடவே உன் சட்டையின் நிறமும் கொஞ்சம் போய்விட்டது. கை இன்னும் நாறுகிறது.

அக்கா


ஏப்ரல் 17

அக்கா,

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பாய். அவர்கள் சொன்னதை விடு. நான் சொல்கிறேன்.

முதல் பாதியிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவன் அந்த வார்த்தையைக் கத்துவான். உடனே கும்பல் மொத்தமும் பாட்டுப் போல, "மன்னிச்சிடு! மன்னிச்சிடு!" என்று கைதட்டும். மறுபடி அந்த வார்த்தை. மறுபடி "மன்னிச்சிடு!" சிரிப்பு. என்னை மட்டும் இல்லை, எதிர் அணியில் நம் நிறத்தில் ஒருவன் இருந்தான், அவன் பந்தைத் தொட்டபோதும் அதையே பாடினார்கள். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வை அப்படியே உன் கடிதம் மாதிரி இருந்தது.

நடுவரிடம் சொன்னேன். "நீங்கதானே சார் இதையெல்லாம் கண்டுக்காதவரு" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. நான் மன்னித்ததை எல்லாரும் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. ஒருத்தனுக்குக் கொடுத்ததை ஊரே அனுமதிச் சீட்டாக வைத்திருக்கிறது.

இரண்டாம் பாதியில் அந்தப் பக்கக் கோலுக்குப் போனால் அங்கேயும் அதே பாட்டு. நான் திரும்பி நின்றுவிட்டேன். மைதானத்துக்கு முதுகைக் காட்டி, வலையைப் பிடித்துக்கொண்டு, அவர்களைப் பார்த்தபடி.  ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். இத்தனை வருஷமாகக் குரல்தான் தெரியும், முகம் தெரியாது. சாதாரண முகங்கள் அக்கா. ஒருவர் பல் மருத்துவர் மாதிரி இருந்தார். முன் வரிசையில் பாட்டு நின்றது. பின்னாலிருந்து பந்து வந்து என் காலைத் தாண்டி வலைக்குள் போனது. நான் நகரவில்லை. அடுத்ததும் போனது. பயிற்சியாளர் என்னை வெளியே இழுத்தார்.

தோற்றுவிட்டோம். எங்கள் அணியில் இரண்டு பேர் என்னோடு பேசவில்லை. அவர்கள் கோபம் நியாயம்தான்.

உன் விசாரணைக்கு வரலாமா? இந்த முறை கேட்டுவிட்டுத்தான் வருவேன். வராதே என்றால் வரமாட்டேன்.

தம்பி


ஏப்ரல் 20

டேய் நெட்டையா,

பார்த்தேன். சமையலறையில் நின்றபடி பார்த்தேன். இரண்டாவது கோல் விழுந்தபோது அம்மா, "திரும்புடா, பந்து வருது" என்று கத்தினாள். நான், "திரும்பாதே" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, யாராவது விழுந்துவிட்டார்களா என்று கேட்டார்.

இருபத்தெட்டாம் தேதி, காலை பத்து மணி. வா. மேனேஜர் வரக்கூடாது. கேமரா கூடாது. யாரையும் கட்டிப் பிடிக்கக் கூடாது. ஜெபக்கூடத்தில் சாட்சி சொல்கிற குரலில் பேசாதே, உன் குரலில் பேசு. நான் அழ மாட்டேன், நீயும் அழாதே.

அக்கா


மே 3

அக்கா,

அன்றைக்கு விசாரணை முடிந்து வாசலில் பேச முடியவில்லை. நீ விறுவிறுவென்று நடந்து போய்விட்டாய். கோபம் யார் மேல் என்று எனக்குத் தெரிந்தது, இருந்தாலும் வலித்தது.

மூன்று அதிகாரிகளும் என் விரல் ஆறிவிட்டதா என்று கேட்டார்கள். உன்னைப் பார்க்கவே இல்லை. "கேள்வியை அவங்களைக் கேளுங்க சார், நான் துணைக்கு வந்தவன்" என்று நான் சொல்லவேண்டியிருந்தது. அதுவே எனக்குப் பெரிய அவமானம். உன் வாயால் சொன்னால் கேட்காத காது, நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் திறக்கிறது. மேலாளர் நம்மைக் காட்டி, "தம்பி ஏற்கெனவே மன்னிச்சுட்டாருங்களே" என்று ஆரம்பித்தபோது நான் சொன்னது உனக்குக் கேட்டதா? "நான் மன்னிச்சது ஒரே ஒரு ஆளை. எனக்கு அவன் சொன்னதுக்கு. எங்க அக்காவுக்கு நடந்தது என் கையில இல்லை." அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.  பெனால்டிக்குக்கூட அப்படிப் பயந்ததில்லை.

கிளப் என்னைப் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறது. படங்களை எல்லாம் கிழித்துவிட்டார்கள். பத்திரிகைக்காரர்கள் போன மாதம் ஞானி என்றார்கள், இந்த மாதம் திமிர் பிடித்தவன் என்கிறார்கள். போதகர்கூட ஞாயிற்றுக்கிழமை அகந்தையைப் பற்றிப் பேசினார், என் பக்கம் பார்க்காமலே. எழுந்து வந்துவிட்டேன். இப்போது அறையிலேயே முட்டி போடுகிறேன். வசவு மறுபடியும் வருகிறது. பரவாயில்லை, கேட்கிறவர் கேட்கட்டும்.

நேற்று மைதான வாசலில் அவன் நின்றுகொண்டிருந்தான், அந்தக் கிடங்குக்காரன். "அன்னிக்கு அவங்க பாடினப்போ நான் பாடலை சார்" என்றான்.

"பக்கத்துல பாடினவனை நிறுத்தச் சொன்னியா?"

"இல்ல சார்."

"ஏன்?"

வெடித்த கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு ரத்தம் கொதித்தது. கொடுத்த மன்னிப்பை நான் திருப்பி வாங்கவில்லை அக்கா, அது அவனிடமே இருக்கட்டும். ஆனால் கட்டிப் பிடிக்கவில்லை. "நிறுத்தச் சொல்லிட்டு அப்புறம் வா" என்று அனுப்பிவிட்டேன். நீ இதற்கும் திட்டுவாயா?

தம்பி


மே 12

டேய்,

திட்ட மாட்டேன். அவன் உன் பாடு.

தீர்ப்பு வந்துவிட்டது. மேற்பார்வையாளர் அந்த வார்த்தைகளைச் சொன்னது உண்மை என்று எழுதியிருக்கிறார்கள். அவனை வயர்லெஸ்ஸிலிருந்து எடுத்து உதிரிபாகக் கிடங்கில் போட்டுவிட்டார்கள். காலையில் இப்போது ஒரு பெண் கூப்பிடுகிறாள், வண்டி எண்ணைச் சொல்லி. முதல் நாள் அவள் இரண்டாவது முறை கூப்பிட்ட பிறகுதான் என்னைத்தான் என்று உறைத்தது. மீசைக்காரரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவர் இன்னும் ஊருக்கு வெளியேதான் இருக்கிறார். அதற்கு மேல்முறையீடு போட்டிருக்கிறேன். அவரும் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, "உன் தம்பி அன்னிக்குச் சரியாத்தான் திரும்பினான்" என்றார். அவர் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசியது அதுதான் முதல் முறை.

அன்றைக்கு வாசலில் நான் நிற்காமல் போனதற்குக் காரணம் நீ கடிதத்தில் எழுதியதேதான். என் பேச்சைக் கேட்க உன் முகம் தேவைப்பட்டதே என்று வயிறு எரிந்தது. உன் மேல் இல்லை. கொஞ்சம் உன் மேலும்தான்.

சனிக்கிழமை மைதானத்துக்குப் போகும் தடத்தில் எனக்கு வண்டி. பஸ் நிறைய ஆட்டம் பார்க்கப் போகிறவர்கள். நீ பெஞ்சில் இருப்பதைப் பற்றிப் பேச்சு. பாலத்தின் மேல் ஏறும்போது பின்னால் ஒருவன் அந்த வார்த்தையைச் சொன்னான். மற்றவர்கள் பாட ஆரம்பித்தார்கள்: "மன்னிச்சிடு! மன்னிச்சிடு!" ஓட்டுவது யார் என்று அவர்களுக்குத் தெரியாது. நிறம் மட்டும் தெரியும், அதுவே போதுமாக இருந்தது.

ஓரம் கட்டினேன். எஞ்சினை அணைத்தேன். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சீட்டை விட்டு எழுந்து அவர்களைப் பார்த்து நின்றேன்.

"என்னம்மா, வண்டி ரிப்பேரா?"

"வண்டி நல்லா இருக்கு. பாடினவங்க இறங்கினா போகும்."

"நேரமாகுது, ஆட்டம் ஆரம்பிச்சுடும்!"

"ஆரம்பிக்கட்டும்."

கொஞ்ச நேரம் திட்டினார்கள். டிப்போவுக்குப் புகார் செய்வோம் என்றார்கள். வண்டி எண்ணை நானே சொன்னேன். மழை பெய்துகொண்டிருந்தது. நடு சீட்டிலிருந்து ஒரு பெண், கையில் மருத்துவமனைப் பை, "இறங்குங்கடா, நாங்க போகணும்" என்றாள். பிறகு இன்னொருவர் சொன்னார். பிறகு நிறையப் பேர். ஆறேழு பேர் இறங்கிப் பாலத்தில் நனைந்துகொண்டு நடந்தார்கள். கண்ணாடியில் அவர்கள் சின்னதாகும் வரைக்கும் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.  அடுத்த நிறுத்தத்தில் பிரேக் போடவே பயமாக இருந்தது.

மேலாளர் விளக்கம் கேட்டு எழுதியிருக்கிறார். எழுதிக் கொடுப்பேன். வேலை போனாலும் போகலாம். நீ வர வேண்டாம், இதை நானே பார்த்துக்கொள்கிறேன். உண்மையாகவே சொல்கிறேன், வீம்புக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. பெஞ்சில் உட்காருகிறவனுக்கு நேரம் இருக்கும்தானே. அம்மா உன்னைப் பார்க்காமல் இளைத்துவிட்டாள் என்று சொல்லச் சொன்னாள். இளைக்கவில்லை, பொய்.

எனக்குக் கோபம் இன்னும் போகவில்லை. இன்று காலை முட்டி போட்டேன். வேலைக்காக ஜெபித்தேன், மீசைக்காரருக்காக, உன் விரலுக்காக ஜெபித்தேன். கோபம் போக வேண்டும் என்று மட்டும் நான் கேட்கவில்லை.

அக்கா